உயிருள்ள செல்லில் லிப்பிட் பெராக்சிடேஷன்: சி11 சாயமும் டிபார்ஸும் வைத்து அளந்த அனுபவம்

ஒரு செடிச் சாற்றை எடுத்து, டிபிபிஎச் என்ற ஊதா நிறச் சேர்மத்தின் கரைசலில் விட்டு, நிறம் வெளுத்ததும் "ஆக்சிஜனேற்றத் தடுப்பான்" என்று எழுதிவிடுவது நம் ஆய்வகங்களில் தினமும் நடக்கிறது. அந்தச் சோதனையை நானும் செய்பவள்தான், மலிவு, சுலபம், அரை மணி நேர வேலை. ஆனால் அது நடப்பது மெத்தனாலில். அங்கே செல் இல்லை, சவ்வு இல்லை, இரும்பு இல்லை. ஒரு சேர்மம் செல் சவ்வின் கொழுப்பைக் காக்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஊதா நிறத்தால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை உயிருள்ள செல்லிடமே கேட்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்து, எங்கள் ஆய்வகத்தில் சி11 என்ற ஒளிரும் சாயத்தையும் டிபார்ஸ் என்ற பழைய நிறச் சோதனையையும் வைத்து இதைக் கட்டினோம். எப்படிக் கட்டினோம், எந்த இடத்தில் எண்கள் ஏமாற்றப் பார்த்தன, எதை நம்பினோம் என்பதை எழுதி வைக்கிறேன். செல் வளர்ப்பு வசதி உள்ள யாரும் இதைச் செய்யலாம்.

முதலில் வேதியியல், ஏனென்றால் பிறகு வரும் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

வீட்டில் எண்ணெய் பழசானால் சிக்கு வாடை அடிக்கிறதே, அதே வினைதான் செல் சவ்விலும் நடக்கிறது. கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் இதற்குத்தான் லிப்பிட் பெராக்சிடேஷன் என்று பெயர். பல இரட்டைப் பிணைப்புகள் உள்ள கொழுப்பு அமிலங்களில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள ஹைட்ரஜனின் பிடி தளர்வு. ஒலியிக் அமிலத்தில் அப்படிப்பட்ட இடமே கிடையாது. லினோலியிக்கில் ஒன்று, அராக்கிடோனிக்கில் மூன்று, மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏவில் ஐந்து. ஏதோ ஒரு தனியுறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் உள்ள, வினைக்குத் துடிக்கும் மூலக்கூறு) அந்த ஹைட்ரஜனைப் பறித்துவிட்டால் போதும், மிச்சமிருக்கும் கொழுப்பு உடனே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பெராக்சில் தனியுறுப்பாகிறது. அது பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறித்தது லிப்பிட் ஹைட்ரோபெராக்சைடாக அமைதியாகிவிடும், பறிகொடுத்தது அடுத்த ஆளைத் தேடிப் போகும். இப்படிச் சங்கிலி ஓடுகிறது. இந்தச் சங்கிலியின் தன்மையை 1820லேயே நிக்கோலா-தியோடர் த சோசூர் வால்நட் எண்ணெயில் கண்டிருக்கிறார்: நீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் எட்டு மாதத்தில் தன் கன அளவைப் போல மூன்று மடங்கு காற்றை உறிஞ்சியது, அதற்குப் பிறகு பத்தே நாளில் அறுபது மடங்கு. நீண்ட மௌனம், அப்புறம் திடீர்ப் பாய்ச்சல். செல்லிலும் இதே உருவம்தான் வந்தது, நேரம் மட்டும் மணிக்கணக்கு.

செல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. உண்டான ஹைட்ரோபெராக்சைடை ஜிபிஎக்ஸ்4 என்ற செலினியம் கொண்ட நொதி, செல்லின் தற்காப்புச் சேர்மமான குளூட்டாதயோனைச் செலவழித்து, தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றுகிறது. 1982இல் ஃபுல்வியோ உர்சினி இத்தாலியில் இதைப் பிரித்தெடுத்தபோது பெராக்சிடேஷனைத் தடுக்கும் புரதம் என்றே விவரித்தார். இந்த நொதி வேலை செய்யாவிட்டால் ஹைட்ரோபெராக்சைடு தேங்கும். தேங்கியது ஃபெரஸ் இரும்பைத் தொட்டதும் உடைந்து புதிய தனியுறுப்புகளைத் தரும். ஒரு சங்கிலி பல சங்கிலியாகும். கடைசியில் சவ்வு தாங்காமல் செல் சாகும். இந்தச் சாவுக்கு ஃபெரோப்டோசிஸ் என்று 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சனும் பிரென்ட் ஸ்டாக்வெல்லும் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய எச்டி-1080 என்ற ஃபைப்ரோசார்கோமா செல்லையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். புதிதாக ஒரு அளவீட்டைக் கட்டும்போது, பலரும் பார்த்துப் பழகிய செல்லில் தொடங்குவதுதான் சரி. எதிர்பார்த்தது வரவில்லை என்றால், குறை எங்கள் ஏற்பாட்டில்தான் என்று உடனே தெரிந்துவிடும். எங்களுக்கு வேண்டிய செல்லுக்கு அதன் பிறகு போகலாம்.

ஏற்றவும் இறக்கவும்

அளவீட்டுக்கு முன்னால், அளக்கப்படும் பொருளை நாமே ஏற்றவும் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு ஆர்எஸ்எல்3. இது ஜிபிஎக்ஸ்4ஐ நேரடியாக முடக்கும், வேகமாக வேலை செய்யும். கூடவே எராஸ்டின். அது குளூட்டாதயோனுக்கு மூலப்பொருளான சிஸ்டின் செல்லுக்குள் நுழையும் வழியை அடைக்கிறது, குளூட்டாதயோன் மெல்லத் தீர்கிறது, ஜிபிஎக்ஸ்4 இருந்தும் கை வெறுமையாகிறது. அதனால் எராஸ்டின் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மூன்றாவதாகக் குமீன் ஹைட்ரோபெராக்சைடு, 100 மைக்ரோமோலார். இது வெளியிலிருந்தே பெராக்சைடை ஊற்றுவது. சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொண்டோம்.

இறக்குவதற்கு ஃபெரோஸ்டாட்டின்-1, 2 மைக்ரோமோலார். இது சவ்விலேயே தங்கித் தனியுறுப்பைப் பிடிக்கும். இன்னொரு வழியாக டெஃபெராக்சமின், 100 மைக்ரோமோலார், இரும்பைக் கட்டிவிடும். டெஃபெராக்சமின் செல்லுக்குள் மெதுவாகத்தான் போகும். ஆர்எஸ்எல்3 கூடவே சேர்த்தால் போதாது, முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

எல்லா மருந்தும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் ஆயிரம் மடங்கு அடர்த்தியாகக் கரைத்து வைத்தோம். 2 மில்லி மீடியத்துக்கு 2 மைக்ரோலிட்டர் என்று கணக்கு எளிதாகிவிடும். மருந்து போடாத வெல்லுக்கும் (வளர்ப்புத் தட்டின் ஒரு குழி) அதே அளவு டிஎம்எஸ்ஓ உண்டு.

செல் எண்ணிக்கை விஷயத்தில் கறாராக இருந்தோம். ஆறு வெல் பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 2 லட்சம் செல், 2 மில்லி மீடியம், இரவு முழுக்க இன்குபேட்டர். காலையில் பாதி இடம் நிரம்பியிருக்கும்போது மருந்து. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் ஃபெரோப்டோசிஸை நன்றாகவே தாங்கும். அதே மருந்து, அதே நேரம், ஆனால் எண் பாதியாகக்கூட வரும். அதேபோல் சீரம். கன்றுக்குட்டிச் சீரத்தில் செலினியமும் வைட்டமின் ஈயும் இருக்கின்றன, ஒவ்வொரு லாட்டிலும் அளவு வேறு. இந்த வேலை முழுவதுக்கும் ஒரே லாட் சீரத்தை ஒதுக்கி, பாட்டில்மேல் பெரிதாக எழுதி வைத்துவிட்டோம்.

சாயம்

பாடிபை 581/591 சி11. நீண்ட பெயர், ஆய்வகத்தில் "சி11" என்றால் போதும். பதினொரு கார்பன் வால் உள்ள கொழுப்பு அமிலம், தலையில் ஒளிரும் பாடிபை. வால் இருப்பதால் சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாடிபையோடு ஒரு டையீன் பகுதியும் பென்சீன் வளையமும் இணைந்திருக்கும். தனியுறுப்பு வந்து அந்த டையீனைத் தாக்கினால், ஒளிரும் பகுதி குறுகிப்போய், 590 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிர்ந்தது 510 அருகே பச்சையாகிவிடும். சிவப்பு குறையும், பச்சை ஏறும். இரண்டையும் அளந்து விகிதம் எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரு செல் சாயத்தை அதிகம் குடித்திருந்தாலும், இன்னொன்று குறைவாகக் குடித்திருந்தாலும், விகிதம் அதைச் சரிக்கட்டிவிடும்.

வாங்குவது 1 மில்லிகிராம் குப்பி. மூலக்கூறு எடை 504 சுமார்; ஏறத்தாழ 1 மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 2 மில்லிமோலார் கிடைக்கும். பழுப்பு நிற மைக்ரோ டியூபுகளில் 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, அலுமினிய ஃபாயில் சுற்றி, மைனஸ் 20இல் வைத்தோம். ஒரு டியூப் ஒரு நாளைக்கு, மீந்தால் கொட்டிவிட வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் உருக்கி உறையவைத்து மறுபடி உருக்கிய சாயத்தில் பச்சை முன்னமே கொஞ்சம் ஏறியிருக்கும்.

செய்முறை இப்படி. மருந்து நேரம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது சி11ஐ 2 மைக்ரோமோலார் வரும்படி சேர்த்து, 37 டிகிரியில் இருட்டில் வைக்கிறோம். பிறகு ஃபீனால் ரெட் இல்லாத ஹேங்க்ஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை அலசல். ட்ரிப்சின் நொதி போட்டுச் செல்லைத் தட்டிலிருந்து கழற்றி எடுத்து, வடிகட்டி மூடியுள்ள டியூபில் விட்டு, ஐஸில் வைத்து, உடனே ஃப்ளோ சைட்டோமீட்டர், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர்முன் ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் கருவி. பச்சைக்கு 488 லேசரும் 530/30 ஃபில்டரும், சிவப்புக்கு 561 லேசரும் 600ஐ ஒட்டிய ஃபில்டரும். ஒரு மாதிரிக்குப் பத்தாயிரம் செல்.

செத்த செல்லைக் கழித்துவிட வேண்டும். வழக்கமாகக் கை போவது செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் புரொப்பிடியம் அயோடைடு சாயத்தை நோக்கித்தான். ஆனால் அதன் ஒளிர்வு 617 நானோமீட்டர், சி11இன் சிவப்போடு மோதும். செத்த செல்லெல்லாம் "சிவப்பு நிறைய, பெராக்சிடேஷன் இல்லை" என்று தவறாகக் கணக்கில் ஏறும். அதனால் தொலைசிவப்பில் ஒளிரும் டிஆர்ஏக்யூ7 சாயத்தைப் பயன்படுத்தினோம்.

ஒரு நுட்பமான விஷயத்தில் நீண்ட நேரம் வாதாடினோம்: சாயத்தை மருந்துக்கு முன் போடுவதா, கடைசியில் போடுவதா? சாயம் ஒருமுறை பச்சையானால் திரும்பச் சிவப்பாகாது. தொடக்கத்திலேயே போட்டால், முதல் நிமிடத்திலிருந்து நடந்ததெல்லாம் கூட்டலாகத் தெரியும். கடைசி அரை மணியில் போட்டால், அந்த அரை மணி நேரத்தில் சங்கிலி எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும். இரண்டும் இரண்டு கேள்விகள். எங்களுக்கு வேகம் வேண்டியிருந்ததால் கடைசியில் போடுவதைத் தேர்ந்தோம். இதை அறிக்கையில் எழுதாமல் விட்டால், வேறொருவர் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடவே முடியாது.

ஒளியே ஆக்சிஜனேற்றினால்

ஃப்ளோவில் வருவது ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி என்ற புள்ளிக்கூட்டம். செல்லுக்குள் எங்கே பச்சை ஏறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். எந்த மருந்தும் போடாத வெல்லில்கூடப் படம் எடுக்க எடுக்கப் பச்சை கூடிக்கொண்டே போனது. சி11 ஒளிபட்டாலே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய சாயம். நீல வெளிச்சம் பலமாக விழுந்தால், பார்ப்பதே மாற்றுவதாகிவிடும்.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. மருந்து போடாத ஒரு வெல், ஒரே இடம், அதே வெளிச்சம், அதே எக்ஸ்போஷர், அடுத்தடுத்துப் படங்கள். விகிதம் படத்துக்குப் படம் ஏறினால் அது செல்லின் வேலை கிடையாது, விளக்கின் வேலை. விளக்கின் பலத்தைக் குறைத்து, கேமராவின் கெயினை ஏற்றி, சிவப்பை முதலிலும் பச்சையை அப்புறமும் எடுத்து, ஒரு இடத்தை ஒரே தடவை படம் பிடித்துவிட்டு நகர்வது என்று மாற்றியதும் அடித்தளம் அடங்கியது. ஃபோகஸ் சரிசெய்வதைச் சாதாரண வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். ஃப்ளோரசன்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோகஸ் தேடினால் அந்த இடம் கெட்டது என்று அர்த்தம்.

படத்தில் தெரிந்தது பார்க்கத் தகுந்தது. ஆர்எஸ்எல்3 போட்ட செல்களில் பச்சை முதலில் செல்லின் உள்சவ்வுகளில், கருவைச் சுற்றிய வலைபோன்ற பகுதியில் எழுந்தது. பிறகுதான் ஓரச் சவ்வு. மருந்து போடாத செல்லில் அதே வலை சிவப்பாக, அடங்கி இருந்தது. பக்கத்துப் பக்கத்துச் செல்களில்கூட நிலைமை ஒன்றாக இல்லை: ஒன்று முழுப் பச்சை, அதை ஒட்டிய இன்னொன்று சிவப்பு மாறாமல். ஃப்ளோ தரும் சராசரி எண்ணில் இந்த வேறுபாடு கரைந்துவிடும். அதனால் சராசரியோடு புள்ளிக்கூட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே வைக்கிறோம்.

நேரம்தான் பாதி வேலை

ஆர்எஸ்எல்3 1 மைக்ரோமோலார் போட்டு, அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று பார்த்தோம். அரை மணியில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அப்புறம் புள்ளிக்கூட்டம் பச்சைப் பக்கம் நகரத் தொடங்கி, இரண்டு மணியில் தெளிவாகப் பிரிந்து நின்றது. நான்கு மணியில் செல்கள் உருண்டு, பந்துபோல் ஊதி, தட்டிலிருந்து கழன்றன. அலசும்போது அவையெல்லாம் போய்விடும். மிஞ்சுவது தாக்குப்பிடித்த செல்கள். அவற்றை அளந்தால் பெராக்சிடேஷன் குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அதிகம் பாதிக்கப்பட்டவை கழிவுநீர்க் குடுவைக்குப் போய்விட்டன. எனவே சாவு தொடங்குவதற்கு முன்னால், சங்கிலி ஓடத் தொடங்கிய பின்னால் என்று ஒரு குறுகிய சன்னல்தான் உண்டு. எங்கள் செல்லில், எங்கள் சீரத்தில் அது இரண்டு மணியை ஒட்டி. வேறு செல்லுக்குப் போனால் இந்த நேர ஓட்டத்தை முதலிலிருந்து செய்தே ஆக வேண்டும். எராஸ்டினுக்கு இந்தச் சன்னல் பல மணி நேரம் தள்ளி வருகிறது.

என் கூட வேலை செய்யும் ஜூனியர் பெண் முதல் நல்ல புள்ளிக்கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, பச்சை ஏறிடுச்சு. இதை எழுதிடவா?"

"ஃபெரோஸ்டாட்டின் வெல் ஓடிச்சா?"

"இன்னும் இல்லை அக்கா. அது கடைசி வரிசை."

"அப்போ இன்னும் ஒண்ணும் தெரியலைம்மா. அதையும் ஓட்டிட்டு எழுது."

நான் அதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை பல வழிகளில் ஏறலாம்: வெளிச்சம், பழைய சாயம், தானே பச்சையாக ஒளிரும் மருந்து, வேறு வகை ஆக்சிஜனேற்றிகள். ஃபெரோஸ்டாட்டின் சேர்த்ததும் அந்தப் பச்சை இறங்கினால்தான், ஏறியது கொழுப்புச் சங்கிலியால் என்று சொல்ல முடியும். டெஃபெராக்சமினும் இறக்கினால் இரும்பின் பங்கும் உறுதியாகும். அன்று இரண்டுமே இறக்கின. அந்த நாளிலிருந்துதான் இந்த அளவீட்டை எங்களுடையது என்று சொல்லத் தொடங்கினேன்.

டிபார்ஸ்: பழைய முறைக்கு ஒரு மரியாதை

சி11 ஒரு விருந்தாளி மூலக்கூறு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். செல்லின் சொந்தக் கொழுப்பு என்ன ஆயிற்று என்பதை ஊகிக்கிறோம். அதனால் செல்லின் கொழுப்பே உடைந்து உண்டான ஒன்றையும் அளக்க வேண்டும். பெராக்சைடுகள் சிதையும்போது வரும் மாலோன்டைஆல்டிஹைடு அப்படி ஒன்று. ஒரு மூலக்கூறு மாலோன்டைஆல்டிஹைடு, இரண்டு மூலக்கூறு தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூட்டில் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் தரும், 532 நானோமீட்டரில் அளக்கலாம். இதுதான் டிபார்ஸ். இந்த முறையைக் குறை சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதன் குறைகளைச் சொல்லப்போகிறேன். ஆனாலும் ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் வாட்டர் பாத்தும் இருந்தால் போதும் என்பது சாதாரண விஷயமில்லை.

செல் நிறைய வேண்டும். ஆறு வெல் பிளேட் போதாது. டி75 என்ற பெரிய வளர்ப்பு ஃபிளாஸ்க்குகளில் வளர்த்து, ஒரு மாதிரிக்கு ஒரு கோடி செல் அளவுக்கு எடுத்தோம். ட்ரிப்சின் போடாமல், குளிர்ந்த உப்புக் கரைசலில் சுரண்டி எடுப்பது நல்லது. அந்தக் கரைசலில் இரும்பைக் கட்ட ஈடிடிஏவும், சங்கிலியை அறுக்கப் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீனும் கட்டாயம். இது இல்லாமல் செய்தால், 95 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகும்போது செல்லின் நல்ல கொழுப்பும் டியூபுக்குள்ளேயே புதிதாக ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் தரும். ஒரே மாதிரியை அதோடும் அது இல்லாமலும் வேகவைத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். செல்லில் நடந்ததை அளக்கிறோமா, வாட்டர் பாத்தில் நடந்ததை அளக்கிறோமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு டியூபே பதில்.

வினைக்கரைசல் பழைய கலவைதான்: 15 சதவீதம் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம், 0.375 சதவீதம் தயோபார்பிட்யூரிக் அமிலம், 0.25 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தயோபார்பிட்யூரிக் அமிலம் எளிதில் கரையாது, கொஞ்சம் சூடாக்கிக் கலக்க வேண்டும். திருகு மூடி டியூபில் வேகவைக்கவும். அழுத்தி மூடும் டியூப் சூட்டில் பட்டென்று திறந்துகொள்ளும், அமிலம் தெறிக்கும். வெந்ததும் ஐஸில் வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேல் நீரைப் பியூட்டனாலோடு குலுக்கினால் இளஞ்சிவப்பு மேலே ஏறி வரும், கலங்கல் கீழே தங்கிவிடும். 532இல் படித்து, கலங்கலுக்காக 600இல் வருவதைக் கழித்தோம்.

ஸ்டாண்டர்டுக்கு மாலோன்டைஆல்டிஹைடை நேரடியாக வாங்கி வைக்க முடியாது, அது நிலையற்றது. டெட்ராமெத்தாக்சிபுரொப்பேனை அமிலத்தில் சிதைத்தால் அது கிடைக்கும். இந்த நிறப்பொருளின் மோலார் உறிஞ்சல் கெழு 1.56 லட்சம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்படி இறுதிக் கரைசலில் 1 மைக்ரோமோலார் இருந்தால் 1 சென்டிமீட்டர் கியூவெட்டில் 0.156 வர வேண்டும். உங்கள் ஸ்டாண்டர்டு வரிசை இதற்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். பாதிதான் வருகிறது என்றால் சிதைவு முழுமையாகவில்லை. செல் மாதிரிகளில் அளவு மிகக் குறைவு என்பதால், கடைசியில் 532இல் தூண்டி 553இல் ஒளிர்வைப் படிப்பதற்கு மாறினோம். எல்லா எண்ணையும் அந்த மாதிரியின் புரத அளவால் வகுத்தோம்.

குறைகள் என்றேன். சுக்ரோஸும் சயாலிக் அமிலமும் இந்தச் சூட்டில் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்ந்து நிறம் தரும். எனவே சுக்ரோஸ் கலந்த பஃபரில் செல்லை உடைக்கக் கூடாது. மாலோன்டைஆல்டிஹைடு, குறைந்தது மூன்று இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்துதான் பெரும்பாலும் வரும். லினோலியிக் எவ்வளவு கெட்டாலும் இது அதிகம் சொல்லாது. பிளேட்லெட்டில் த்ராம்பாக்சேன் உண்டாகும்போது நொதி வழியாகவே மாலோன்டைஆல்டிஹைடு வரும், அதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. செல்லோ உண்டான ஆல்டிஹைடைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் மீடியத்துக்கும் கசிகிறது. ஆக டிபார்ஸ் எண்ணை "இத்தனை நானோமோல் பெராக்சிடேஷன்" என்று வாசிக்கக் கூடாது. மருந்து போட்டது, போடாதது, ஃபெரோஸ்டாட்டினோடு போட்டது என்ற மூன்றின் வரிசை மாறாமல் வருகிறதா என்று மட்டும் பார்க்க அது போதும். எங்களுக்கு அந்த வரிசை சி11 தந்த வரிசையோடு ஒத்துப்போனது. ஏற்றத்தின் அளவுதான் சி11இல் பெரிதாகவும் டிபார்ஸில் அடக்கமாகவும் இருந்தது. இரண்டு முறைகளும் சங்கிலியின் வெவ்வேறு இடத்தைத் தொடுகின்றன என்பதால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

செல் வளர்ப்பு வசதி இல்லாத கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. பேக்கரி ஈஸ்ட் தானாகப் பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்களைச் செய்வதில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் மீடியத்தில் லினோலினிக் அமிலம் கொடுத்தால் எடுத்துச் சவ்வில் சேர்த்துக்கொள்ளும். கொடுத்த ஈஸ்ட், கொடுக்காத ஈஸ்ட் இரண்டுக்கும் தாமிரம் போன்ற ஒரு உலோகத்தின் தாக்குதலைத் தந்து டிபார்ஸ் செய்து பார்த்தால், இரட்டைப் பிணைப்பின் கதையை மாணவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். செலவும் மிகக் குறைவு.

சாறுகளைச் சோதிக்கும்போது

அப்புறம்தான் நாங்கள் ஆசைப்பட்ட சேர்மங்களுக்கு வந்தோம். செடிச் சேர்மங்கள் இந்த ஏற்பாட்டுக்குத் தரும் தொல்லைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். அதைப் போட்ட செல்லில் பச்சை கூடியிருந்தால் அது பெராக்சிடேஷனா, மஞ்சளா? எனவே ஒவ்வொரு சேர்மத்துக்கும் சாயமே இல்லாத ஒரு வெல் உண்டு. அதன் பச்சையைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேச்சில் எடுப்போம். நிறமுள்ள சாறுகள் 532இலும் உறிஞ்சும் என்பதால் டிபார்ஸில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்க்காத டியூபும் உண்டு.

இன்னொன்று. ஒரு சேர்மம் ஆர்எஸ்எல்3இன் விளைவைத் தடுத்தால், அது சவ்வில் தனியுறுப்பைப் பிடிக்கிறது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஆர்எஸ்எல்3 ஒரு குளோரோஅசிட்டமைடு. தயோல் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) உள்ள சேர்மம் மீடியத்திலேயே அதைப் பிடித்து முடக்கிவிட வாய்ப்பு உண்டு. ஃபிளேவனாய்டுகள் பல இரும்பைக் கட்டும். அதனால் ஆர்எஸ்எல்3இலும் எராஸ்டினிலும் தனித்தனியாகச் சோதித்து, இரண்டிலும் காப்பாற்றுவதை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். டிபிபிஎச்சில் முதலிடத்தில் நின்ற சில சாறுகள் இங்கே ஒன்றும் செய்யவில்லை. டிபிபிஎச்சில் சுமாராக இருந்த, எண்ணெய்த் தன்மை கூடிய ஒரு பிரிப்பு (சாற்றிலிருந்து பிரித்த ஒரு பகுதி), பச்சையை நன்றாக இறக்கியது. தனியுறுப்பைப் பிடிக்கும் திறன் மட்டும் இருந்தால் போதாது, சங்கிலி ஓடும் சவ்வுக்குள் போய்ச் சேரவும் வேண்டும் என்பது இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது.

இப்போது அந்தப் பிரிப்பை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புகிறோம். எந்தக் கொழுப்பு, எத்தனை ஆக்சிஜன் சேர்ந்தது என்று பெயர் சொல்லி அளக்க அது ஒன்றுதான் வழி. ஃபெரோப்டோசிஸில் அராக்கிடோனிக் அமிலமும் அட்ரினிக் அமிலமும் தாங்கிய ஃபாஸ்ஃபாடிடைல்எத்தனாலமின் என்ற சவ்வுக் கொழுப்புதான் முக்கியமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று பிட்ஸ்பர்க்கின் வலேரியன் ககான் குழு 2017இல் காட்டியிருக்கிறது. அந்த மூலக்கூறுகளைத்தான் தேடச் சொல்லியிருக்கிறோம். செல்லைக் குளோரோஃபார்ம், மெத்தனால் 2:1 கலவையில், பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் சேர்த்துப் பிரித்தெடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் மைனஸ் 80இல் வைத்து, உலர் பனிக்கட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் டியூபில் குளோரோஃபார்ம் கூடாது. மருந்து போடாதது, ஆர்எஸ்எல்3, ஆர்எஸ்எல்3 உடன் ஃபெரோஸ்டாட்டின், ஆர்எஸ்எல்3 உடன் எங்கள் பிரிப்பு என்று நான்கு தொகுதி. நான்காவது தொகுதியில் அந்த மூலக்கூறுகள் மூன்றாவதைப் போல இறங்கியிருந்தால், பிரிப்பிலிருந்து தனிச் சேர்மத்தைப் பிரிக்கும் வேலையைத் தொடங்குவோம்.